வேஷம் போடாத கை

நோட்டீஸில் மதுரை எஸ். ஸ்யாமளா என்று போடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் தங்கப்பொண்ணு. அந்த எஸ் அப்பன் பெயருக்கு உள்ளது இல்லை, தாய் சோலையம்மாளின் பெயருக்கு உள்ளது. அப்பன் செத்தானா, ஓடிப்போனானா என்று நான் கேட்டதில்லை. நாடகக்காரர்கள் அதையெல்லாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

நான் சேக் மைதீன், காசிமார் தெரு. அவள் ஆடிய நாடகங்களில் பாதிக்கு மேல் நான்தான் ஆர்மோனியம் வாசித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவளைப் பற்றி ஒரு சினிமாப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் வீட்டுப் பெண், கல்யாணமே வேண்டாம் என்று கலைக்காக வாழ்ந்தவள் என்று அதில் இருந்தது. எழுதியவன் மதுரைக்கு வந்தே இருக்க மாட்டான். அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

சோலையம்மாள் நாடகக் கொட்டகை வாசலில் வேர்க்கடலை விற்றவள். சிம்மக்கல்லில் ஒரு ஓட்டு வீட்டில் குடி. பகலில் கடலையை வறுத்துப் புடைப்பாள். இருட்டியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கே நாடகமோ அங்கே போய்விடுவாள். கூடவே இந்தப் பிள்ளையும். அப்போது பதினாலு வயது இருக்கும். கூட்டத்துக்கு நடுவில் கடலை விற்றுக்கொண்டே நாடகத்தை முழுக்கக் கேட்பாள்.

எங்கள் நாடகத்தில் ஒத்திகை என்பது கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர்க்காரன், ஸ்திரீபார்ட் ஒரு ஊர்க்காரி, பபூன் இன்னொரு ஊர். ஏஜெண்டு மூன்று பேருக்கும் கார்டு போடுவார். மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு தெரியும். நடுவில் வருகிற தர்க்கம் மட்டும் அவரவர் சாமர்த்தியம். ராஜபார்ட் மடக்கிக் கேள்வி கேட்பான், ஸ்திரீபார்ட் அதற்கு மேல் மடக்கிப் பதில் சொல்ல வேண்டும். ஜனங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

ஒரு தடவை ராஜபார்ட் மேடையில், "பெண்ணே, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே, நாவை வீட்டிலே வைத்துவிட்டு வந்தாயோ?" என்று கேட்டான். ஸ்திரீபார்ட் யோசித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்துக்குள் இருந்து கடலைக்காரப் பிள்ளை சத்தமாகச் சொன்னாள்: "நாக்கு இருக்குய்யா. ஒங்க கேள்விக்கு அது எதுக்குன்னு பேசாம இருக்காக!"

கொட்டகை அதிர்ந்துவிட்டது. ஸ்திரீபார்ட் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏஜெண்டு கல்யாணராமன் கடலைக் கூடையைத் தேடி வந்தார். அவருக்கு டவுன்ஹால் ரோட்டில் மாடியில் ஒரு அறை, அதுதான் ஆபீஸ். நல்ல மனுஷர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. கூட்டம் எங்கே கை தட்டுகிறது என்று மட்டும் பார்ப்பார்.

"ஏம்மா, இவ பாடுவாளா?" என்று சோலையம்மாளிடம் கேட்டார்.

"அவ பாடுறது நிக்க மாட்டேங்குதுன்னு நான் பாடாப் படுறேன் சாமி" என்றாள் சோலையம்மாள்.

1930-இல் அவள் மேடை ஏறினாள். படிக்கத் தெரியாது. யாராவது பாட்டை இரண்டு முறை வாசித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வாள். நாலரைக் கட்டைச் சுருதியில் நின்று பாடுவாள், தொண்டை கம்மாது. அழகி என்று சொல்ல மாட்டேன். மாநிறம், பல் கொஞ்சம் எடுப்பு. ஆனால் தர்க்கத்தில் அவளை ஜெயித்த ராஜபார்ட்டை நான் பார்த்ததில்லை. தங்கப்பொண்ணு என்றால் நோட்டீஸுக்கு எடுப்பாக இல்லை என்று கல்யாணராமன்தான் ஸ்யாமளா என்று மாற்றினார்.

எங்கள் பக்கம் அதிகம் கேட்பது வளைக்காரன் கல்யாணம் என்கிற நாடகம். பாண்டிய ராஜா வளையல் வியாபாரி வேஷத்தில் நந்தவனத்துக்கு வருவான். பூக்கொய்யும் பெண்ணோடு தர்க்கம் செய்வான். கோழி கூவும் நேரத்தில் அவளுக்குத் தாலி கட்டுவான். மழை வேண்டி, அம்மன் சாட்டி, ஊர் நல்லதுக்காகப் போடுகிற நாடகம் அது.

அந்தத் தாலி விஷயத்தில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்திருப்பார்கள். ராஜபார்ட் இரண்டு முடிச்சுத்தான் போடலாம். மூன்றாவது முடிச்சு போடக் கூடாது, போட்டால் அது நிஜத் தாலி. மங்களம் பாடி முடித்ததும் அதை உடனே அவிழ்த்துவிட வேண்டும். வேஷம் போட்டவர்கள் அவிழ்க்கக் கூடாது. வேஷக் கை கட்டியதை வேஷம் போடாத கைதான் அவிழ்க்க வேண்டும் என்பார்கள். மேடையில் வேஷம் போடாமல் உட்கார்ந்திருப்பவன் ஆர்மோனியக்காரன். ஆகவே அந்த வேலை எனக்கு. ஆரம்பத்தில் கூசத்தான் செய்தது. பிறகு பழகிவிட்டது. பின்னங்கழுத்தில் கை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்ப்பேன்.

பசுபதி என்ற ராஜபார்ட் வாடிப்பட்டிக்காரன். அண்ணன் காளைக்கு நிலம் நீச்சு உண்டு. தம்பி கூத்தாடப் போனதில் அந்த வீட்டுக்கு மானக்கேடு. பசுபதி அதைப் பற்றிக் கவலைப்பட்டவன் இல்லை. என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். வெற்றிலை போட்டுக்கொண்டு, எந்த ஊரிலும் எவனோடும் பத்து நிமிஷத்தில் சொந்தம் கொண்டாடுவான். ஸ்யாமளாவோடு இரண்டு வருஷம் ஜோடி போட்டான். தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவளிடம் ஒரு முறை கேட்டானாம். "ராஜா வேஷத்தக் கலைச்சிட்டுக் கேளுங்க, யோசிக்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

1934 பங்குனியில் கப்பலூரில் நாடகம். அப்போது அது பருத்திக் காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். தர்க்கத்தில் அன்றைக்கு இரண்டு பேருக்கும் நல்ல வேகம்.

"ஊரூராய் வளையல் விற்கும் வளைக்காரரே, ஊருக்கு ஒரு பெண்டாட்டியோ உமக்கு?" என்றாள்.

"தாலி என்று கட்டினால் ஒருத்திக்குத்தான் கட்டுவேன், பெண்ணே!"

"நீர் கட்டும் தாலி விடிந்தால் அவிழ்ந்து போகுமே! இரண்டு முடிச்சுக்கு மேலே போட உமக்குக் கை வருமோ?"

மேடை ரகசியத்தை மேடையிலேயே போட்டு உடைத்துவிட்டாள். ஜனங்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு தெரியும். விசிலடித்துச் சிரித்தார்கள். பசுபதிக்குப் பதில் வரவில்லை. பபூன்தான் குறுக்கே புகுந்து எதையோ சொல்லிச் சமாளித்தான்.

விடியும்போது கல்யாண சீன். கெட்டிமேளம் கொட்டினார்கள். அவன் குனிந்து கட்டினான். நான் மங்களம் வாசித்து முடித்துப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய் அவள் பின்னங்கழுத்தில் கை வைத்தேன். கயிறு அவிழவில்லை. விரலால் தடவினேன்.

"மூணு இருக்கு தாயி" என்றேன்.

"கைய எடுங்கண்ணே."

"தெரிஞ்சா சொல்ற?"

"எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். முகம் வேர்த்து அரிதாரம் வழிந்திருந்தது. சிரிக்கவில்லை. பசுபதி ராஜா உடுப்போடு ஒரு ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிச்சை நான் தடவிப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. இது கடைசி வரைக்கும் ஞாபகம் இருக்கட்டும்.

அதற்கு மேல் பந்தல் போடவில்லை, பத்திரிகை அடிக்கவில்லை. தெற்குவாசலில் ஒரு வீடு பிடித்துக் குடும்பம் நடத்தினார்கள். வாடிப்பட்டியில் இருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காளை, "கூத்துல கட்டுனது கூத்தோட போச்சு" என்று சொல்லி அனுப்பினான். மறு வருஷம் பெண் பிறந்தது. பசுபதி செத்துப்போன தன் தாயார் பெயரை வைத்தான், சுந்தரம்மாள் என்று. என் வீட்டுக்காரி ஹாஜராதான் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். கயிறு நைந்தால் தங்கப்பொண்ணு புதுக் கயிறு வாங்கி வைப்பாள். பசுபதி வந்துதான் கட்டுவான். ஒவ்வொரு தடவையும் மூன்று முடிச்சையும் எண்ணச் சொல்லுவாள். அந்த மூன்று நாலு வருஷம் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். சந்தோஷத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

அந்தச் சமயத்தில் பேசும் படம் வந்து, நாடகக்காரர்களை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். 1937-இல் கோயம்புத்தூரில் படம் எடுத்த ஒரு கம்பெனி, கல்யாணராமன் மூலமாக ஸ்யாமளாவைக் கேட்டது. கதாநாயகிக்குத் தோழி. நானும் பக்கவாத்தியத்தில் சேர்ந்து போனேன். எங்களை மரத்துக்குப் பின்னால் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார்கள்.

முதல் நாளே தகராறு. கதாநாயகி, "தோழி, அவர் வருவாரா?" என்று கேட்க வேண்டும். இவள், "வருவார் அம்மா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இவளோ, "வருவார் அம்மா, வழியிலே இன்னொரு தோழியைப் பார்க்காமல் இருந்தால்" என்று சொல்லிவிட்டாள். வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அந்த சீன் வீணாகிப் போனது.

"எழுதியிருக்கிறதை மட்டும் சொல்லும்மா" என்றார் டைரக்டர்.

"எழுதுனவரு பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாரு போல" என்றாள் இவள்.

திட்டினாலும் அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த படத்துக்கு அவளையே கதாநாயகி ஆக்குவதாகச் சொல்லி ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் ஒரு நிபந்தனை. விளம்பரத்தில் குமாரி ஸ்யாமளா என்று போடுவார்கள். படம் முடிகிற வரைக்கும் கழுத்தில் தாலி தெரியக் கூடாது, கல்யாணம் ஆனதாக வெளியில் பேச்சு வரக் கூடாது.

அவள் முடியாது என்றாள். பசுபதிதான் சமாதானம் செய்தான். "ஆறு மாசந்தான? அம்புட்டுத்தான் புள்ள. ஊரு பூரா நம்ம தெருவத் திரும்பிப் பார்க்கும்."

1938 தை மாசம் ரயிலடியில் அவளாகவே கயிற்றைக் கழற்றினாள். முடிச்சை அவிழ்க்காமல் தலை வழியாக எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"பெட்டியில போட்டுறாதிய. ஒங்க கிட்டயே வச்சிருங்க."

"சட்டைப் பைய விட்டு எடுக்க மாட்டேன். நீ வந்து நில்லு, இதோட சேத்து அஞ்சு முடிச்சாப் போட்டு விடுறேன். மாப்ள, நீதான் சாட்சி" என்றான் என்னைப் பார்த்து. இந்தத் தடவை நான் போகவில்லை. பக்கவாத்தியத்துக்குக் கம்பெனி வேறு ஆள் வைத்துக்கொண்டது.

சித்திரையில் வாந்திபேதி. வருஷா வருஷம் திருவிழாக் கூட்டத்தோடு அதுவும் வரும். பசுபதி அண்ணனோடு ஏதோ நிலத்தகராறு பேசித் தீர்க்க வாடிப்பட்டிக்குப் போயிருந்தான். காலையில் படுத்தவன் மறுநாள் மத்தியானம் போய்விட்டான். எனக்குச் செய்தி வந்து நான் போவதற்குள் எரித்தே முடித்துவிட்டார்கள். அந்த நோய்க்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். நான் திரும்பி வந்து கோயம்புத்தூருக்குத் தந்தி அடித்தேன்.

கம்பெனி மானேஜர் தந்தியைப் பிரித்துப் பார்த்துத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டான். ஒரு தோட்டத்துப் பாட்டும் கல்யாண சீனும் பாக்கி இருந்தன. பத்து நாள் எடுத்தார்கள். புருஷன் செத்த பிறகு பத்து நாள் அவள் மாலையும் கழுத்துமாக விளக்குக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த அன்றைக்குத்தான் தந்தியை அவளிடம் கொடுத்தான்.

பதினாறாம் நாள் காலையில் நான், அவள், சோலையம்மாள், மூன்று வயதுப் பிள்ளை எல்லோரும் வாடிப்பட்டிக்குப் போனோம். அவள் அழவில்லை. பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கல்யாணராமன் அதே பஸ்ஸில் பின் சீட்டில் இருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தோம்.

வீட்டு வாசலில் பந்தல். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். புருஷன் செத்தால் பதினாறாம் நாள் பெண்டாட்டியை உட்கார வைத்துச் செய்கிற சடங்கு ஒன்று உண்டு. தாலியை வாங்குவார்கள், வளையலை உடைப்பார்கள், வெள்ளைச் சேலை கொடுப்பார்கள். பசுபதிக்குப் பெண்டாட்டி என்று அந்த வீட்டுக் கணக்கில் யாரும் இல்லை. இவள் போய் நின்றதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

காளை எழுந்து வந்தான். தம்பியைப் போலவே உயரம். முரடன்தான், ஆனால் அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

"யாரு நீ?"

"ஒங்களுக்குத் தெரியும் மச்சான்."

"மச்சானா? கழுத்துல ஒண்ணத்தையும் காணோமே."

"அவுக கிட்டக் குடுத்துட்டுப் போனேன். சட்டைப் பையில வச்சிருந்தாக."

காளை பெண்டுகள் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஒரு மஞ்சக் கயிறு இருந்துச்சு. கூத்துச் சாமானுன்னு நெனச்சுத் துணியோட சேத்துப் போட்டு எரிச்சாச்சு."

அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை யாரோ ஒரு கிழவர் கையில் இருந்த பொரியைப் பார்த்துக் கை நீட்டியது.

"இதோட பேரு என்ன?" என்றான் காளை.

"சுந்தரம்மா."

அவன் முகம் மாறிவிட்டது. "எங்க ஆத்தா பேரையா வச்சான்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்தான். பிறகு கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி அவளிடம் சத்தமாகச் சொன்னான்: "இங்க பாரு, ஒண்ணு கேக்குறேன். கூத்துல ரெண்டு முடிச்சுத்தான் போடுவாகன்னு ஊருக்கே தெரியும். எந்தம்பி மூணாவது போட்டானா? போட்டான்னா வந்து உக்காரு. வளையல ஒடச்சு வெள்ளை தாரோம். இந்தப் புள்ள எங்க வீட்டுப் புள்ள. இல்லைன்னா வந்த வழியப் பாத்துப் போயிரு. சாட்சி யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். கல்யாணராமன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். அவர் என்னிடம் பேசவில்லை, அவளுக்குக் கேட்கிற மாதிரி தணிந்த குரலில் சொன்னார்: "ஸ்யாமளா, யோசிச்சுச் சொல்லு. ஆமான்னு சொன்னா இன்னைக்கே வெள்ளை. எந்த ஊர்க்காரன் உன்னைக் கல்யாண நாடகத்துக்குக் கூப்பிடுவான்? படம் இன்னும் வெளியவே வரலை. குமாரின்னு போட்டு நோட்டீஸ் அடிச்சாச்சு. உங்கம்மா இந்த வயசுல மறுபடி கடலைக் கூடையைத் தூக்கணுமா?"

கூட்டத்தில் ஒருவன், "பாயா சாட்சி? எங்க தாலியப் பத்தி பாய்க்கு என்னய்யா தெரியும்?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் பேசவில்லை. அவன் சொன்னதில் எனக்கு ரோஷம் வந்தது, அதனால் பேசவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. அவள் நடிக்கவில்லை என்றால் நானும் பாதி நாள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் என் மனசில் ஓடியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் குனிந்ததை அவள் பார்த்தாள். பிறகு காளையைப் பார்த்துச் சொன்னாள்.

"நாடகத்துல ரெண்டு முடிச்சுத்தான் போடுவாக."

திரும்பி நடந்தாள். பந்தலைத் தாண்டும்போது காளை, "புள்ளைக்குப் பொரியாவது குடுத்து விடுங்கடி" என்று உள்ளே பார்த்துக் கத்தியது கேட்டது. அவள் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஹாஜராவிடம் சொன்னேன். "ஒங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை.

படம் வந்தது. டவுனில் ஆறு வாரம் ஓடியது. தெருவில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், பசுபதி சொன்ன மாதிரியே. சுமங்கலி மாதிரியும் இருக்கக் கூடாது, விதவை மாதிரியும் இருக்கக் கூடாது. குமாரி. தினமும் பூ வைத்துக்கொள்ள வேண்டும், பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் சிரிக்க வேண்டும். தெருவில் எவள் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்குப் போய் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் தன் அழுகையை அழுதுவிடுவோம் என்று பயம்.

இன்னும் இரண்டு படம் நடித்தாள். யுத்தம் வந்தது. பிலிம் கிடைக்கவில்லை என்றார்கள், கம்பெனியை மூடினார்கள். 1941-இல் மறுபடி மேடைக்கே வந்தாள். மறுபடி வளைக்காரன் கல்யாணம், வேறு வேறு ராஜபார்ட். தர்க்கத்தில் முன்னைப் போலவே ஜெயித்தாள். ஆனால் தாலி கட்டும்போது இரண்டாவது முடிச்சு விழுந்த உடனே கழுத்தை முன்னுக்கு இழுத்துக்கொள்வாள், கட்டுகிறவன் கை தானாக விலகிவிடும். மங்களம் முடிந்து நான் போய் அவிழ்ப்பேன். முதலில் விரலால் தடவி முடிச்சை எண்ணிக்கொள்வேன். எத்தனை ஊரில் அப்படி அவிழ்த்தேன் என்று தெரியாது.

1942 ஆனியில் சுந்தரம்மாளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கொண்டுபோய் விட்டது சோலையம்மாள். வாத்தியார் பிள்ளைகளை எழுப்பி வரிசையாகத் தகப்பனார் பெயரைக் கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு அப்பாவைத் தெரியாது. வீட்டில் பசுபதியின் பெயரை யாரும் சொல்வதில்லை. எப்போதாவது பேச்சு வந்தால் "ராஜபார்ட்டு" என்பார்கள், அவ்வளவுதான். பிள்ளை எழுந்து நின்று, "எங்கப்பா பேரு ராஜபார்ட்டு" என்று சொல்லியிருக்கிறது.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டு, "எந்த ராஜபார்ட்டும்மா? ஊருக்கு ஒருத்தர் இருக்காரே" என்று கேட்டாராம்.

பிள்ளை வீட்டுக்கு வந்து, "எந்த ராஜபார்ட்டும்மா?" என்று அதையே தாயிடம் கேட்டது. அதற்கு அது கேலி என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டது.

மறுநாள் காலையில் தங்கப்பொண்ணு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். பொட்டு இல்லை, வளையல் இல்லை, பூ இல்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்குவாசலில் இருந்து நடந்தே போனாள். குதிரை வண்டிக்காரர்கள் கூப்பிட்டும் ஏறவில்லை. படத்தில் பார்த்த முகம், நோட்டீஸில் பார்த்த முகம், கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கல்யாணராமனின் மாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஜன்னலில் நின்றார் என்று சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் ரிஜிஸ்தரை எடுக்கச் சொன்னாள். "தகப்பனார் பேரு பசுபதி. ஊரு வாடிப்பட்டி. காலமாகி நாலு வருஷமாச்சு. நான் அவுக பெண்டாட்டி. இப்படியே எழுதுங்க" என்றாள். பெரிய வாத்தியார், யாராவது தெரிந்தவர்கள் சொன்னால் தேவலை என்று இழுத்திருக்கிறார்.

"பாத்தவுக யாரும் பேசல சார். அதனால நானே வந்திருக்கேன்."

என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம்.

எழுதினார்கள். அதை அவளால் படிக்க முடியாது. பிள்ளையின் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்து, "இதான் ஒங்கப்பா பேரு" என்றாளாம்.

திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் நான், "தாயி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கண்ணே" என்றாள். மன்னித்த குரல் இல்லை அது. பேசப் பிடிக்காத குரல்.

உள்ளே போய் ஹாஜரா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். நாலரைக் கட்டையில் கம்மாமல் பாடிய தொண்டை, அன்றைக்குச் சத்தம் எழும்பாமல் மாடு இரைக்கிற மாதிரி இரைத்தது. மத்தியானத்தில் ஆரம்பித்தது, பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும் நிற்கவில்லை.

ஹாஜரா அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்குப் புருஷன் போனா இத்தா நாலு மாசம் பத்து நாளு. வீட்டுக்குள்ள இருந்து அழுது தீத்துட்டு எந்திரிச்சிருவோம். நீ நாலு வருஷமாவா புள்ள வச்சிருந்த?"

அதற்குப் பிறகு அவளைக் கல்யாண நாடகத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. கல்யாணராமன் ஒருநாள் வந்து, "வெளியூர்ல யாருக்குத் தெரியப் போறது? கலர்ச் சேலையைக் கட்டிண்டு ஏறிடு" என்றார். அவள், "ஒரு தடவ இல்லைன்னு சொன்னதுக்கே நாலு வருஷம் ஆச்சு சாமி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சாவு விழுகிற கதைகளுக்கு மட்டும் கூப்பிட்டார்கள், வருஷத்துக்கு நாலோ ஐந்தோ. மற்ற நாளில் நாடகக்காரர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தாள். காளை ஒரு தடவை ஒரு மூட்டை நெல் அனுப்பினான். வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். சுந்தரம்மாள் எட்டாவது வரைக்கும் படித்தது.

கடைசியாக 1946-இல் ஒரு படத்தில் விதவை வேஷம் வந்தது. மகன் செத்த செய்தி கேட்டு அழ வேண்டும், ஒரே ஒரு சீன். வாத்தியத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கட்டியிருந்த வெள்ளைச் சேலையோடு விளக்குக்கு முன்னால் வந்து நின்றாள். உடுப்புக்காரன் ஓடி வந்து, "இது ரொம்பப் பழுப்பா இருக்கும்மா, கம்பெனிச் சேலை இருக்கு" என்றான்.

அவள் உள்ளே போனாள். தன் வெள்ளைச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, கம்பெனி வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

டைரக்டர் சின்னப் பையன், பம்பாயில் படித்தவன் என்றார்கள். "ரெடியாம்மா? நான் கை காட்டினதும் அழணும்" என்றான்.

"எம்புட்டு நேரம் அழணும் தம்பி?" என்று கேட்டாள்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "அரை நிமிஷம் போதும்" என்றான்.